24 அங்குலக் குழலே போதும்: 1861 மாதிரி என்ஃபீல்டு மஸ்கெட்டூன் குறித்த மதிப்பீடு

குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் நிரப்பும் 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் என்ஃபீல்டு வகைத் துப்பாக்கிகளில், குழலை மரக்கட்டையோடு பிணைக்கும் மூன்று பட்டைகள் கொண்ட நீண்ட ரைபிளே முழுமையானது என்றும், 24 அங்குலக் குழல் கொண்ட மஸ்கெட்டூன் குதிரையிலும் பீரங்கி வண்டியிலும் செல்வோருக்காக வெட்டிக் குறைக்கப்பட்ட வடிவம் மட்டுமே என்றும் கரிமருந்துத் துப்பாக்கி சுடுவோர் பலர் கருதுகிறார்கள். இரண்டையும் ஒரே களத்தில், ஒரே ஈயத்தில் வார்த்த குண்டுகளைக் கொண்டு நெடுங்காலம் மாற்றி மாற்றிச் சுட்டவன் என்ற முறையில் இக்கருத்தை நான் ஏற்கவில்லை. நின்றபடி 50 மீட்டரிலும் 100 மீட்டரிலும் காகித இலக்கைச் சுடுபவருக்குக் குட்டைத் துப்பாக்கியே சிறந்த துணை. இந்தத் தூரங்களில் நீண்ட ரைபிளிடமிருந்து கூடுதலாகக் கிடைப்பதைவிட, அதைத் தூக்கிச் சுமப்பதிலும் நிரப்புவதிலும் துடைப்பதிலும் நாம் செலவிடுவது அதிகம்.

இங்கே நான் மதிப்பிடுவது, பர்மிங்ஹாமின் பார்க்கர்-ஹேல் நிறுவனம் 1970களில் விற்பனைக்குக் கொண்டுவந்த மறுபதிப்பு. பிரிட்டிஷ் பீரங்கிப் படையினருக்கு வழங்கப்பட்ட 1861ஆம் ஆண்டு மாதிரிக் கார்பைனே (குட்டைக் குழல் துப்பாக்கி) இதன் அசல். விட்டம் .577 அங்குலம், குழல் 24 அங்குலம், மொத்த நீளம் ஏறத்தாழ 40 அங்குலம், எடை சுமார் 3.4 கிலோ. இதற்கு எதிரே நிற்கும் 1853 மாதிரி ரைபிளுக்குக் குழல் 39 அங்குலம், மொத்த நீளம் 55 அங்குலம், எடை நான்கு கிலோவுக்கு மேல். பித்தளை அடித்தகடு, பித்தளை விசைக்காப்பு, வலப்புறப் பூட்டு (சுடும் பொறியமைப்பு), மருந்துக்குத் தீமூட்டும் இறக்கைகள் கொண்ட பெரிய கேப்பு ஆகியவை இரண்டுக்கும் பொதுவானவை. பார்வைக்கு ஒரே குடும்பமாகத் தெரியும் இவ்விரண்டுக்கும் குழலின் உட்புறம் வேறு வேறு. பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

1853 மாதிரியின் குழலுக்குள், குண்டைச் சுழலவைக்கும் மூன்று வரிப்பள்ளங்கள் உள்ளன. அவை 78 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று வீதம் மெதுவாகச் சுழன்று செல்கின்றன. 1861 கார்பைனில் ஐந்து பள்ளங்கள். சுற்று 48 அங்குலத்துக்கு ஒன்று. 39 அங்குலக் குழலைக் கடக்கும் குண்டும் 24 அங்குலக் குழலைக் கடக்கும் குண்டும் வெளியேறும் முன் சரியாக அரைச் சுற்றே சுற்றுகின்றன என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி ஏற்பட்டது. அரைச் சுற்று ஒன்றேயானாலும் வெளியேறும் குண்டின் சுழற்சி வேகம் ஒன்றல்ல. விநாடிக்கு ஏறத்தாழ 260 மீட்டர் வேகத்தில் கார்பைனை விட்டுப் புறப்படும் குண்டு விநாடிக்கு இருநூறு சுற்றுக்கு மேல் சுழலும். அதைவிடச் சற்று விரைவாக நீண்ட குழலை விட்டுப் புறப்படும் குண்டு நூற்று நாற்பது சுற்றை ஒட்டியே நிற்கும். அடி குழிந்த கனமான மினியே வகைக் குண்டு தலைகுப்புறாமல் நேராகப் பறப்பதற்கு இந்தக் கூடுதல் சுழற்சி பெரிதும் உதவுகிறது. 33 அங்குலக் குழலும் ஐந்து பள்ளங்களும் கொண்ட இரண்டு பட்டைக் குட்டை ரைபிள், தொலைவில் மூன்று பட்டை ரைபிளைவிடத் துல்லியமானது என்று அக்காலத்திலேயே பெயர் பெற்றதற்கும் இதுவே முதன்மைக் காரணம்.

பள்ளங்களின் ஆழமும் கவனத்துக்குரியது. பார்க்கர்-ஹேல் குழலில் பள்ளங்கள் மருந்தறையின் பக்கம் ஆழமாகத் தொடங்கி, குழல்வாயை நோக்கிச் செல்லச் செல்ல ஆழம் குறைகின்றன. வெடிப்பின் அழுத்தத்தால் விரிந்த குண்டின் மெல்லிய அடிவிளிம்பு முதலில் ஆழமான பள்ளத்தை நிறைக்கிறது. பின்னர் முன்னேற முன்னேற இன்னும் இறுக்கமாகப் பிடிக்கப்பட்டு, ஆட்டமின்றி வெளியேறுகிறது. இப்போது கிடைக்கும் எல்லா மறுபதிப்புகளிலும் இந்த அமைப்பு இருப்பதில்லை. சமமான ஆழத்தில் பள்ளம் வெட்டப்பட்டவையும் சந்தையில் உள்ளன. அவை சுடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் படிப்படியாக ஆழம் குறையும் குழல், குண்டின் அளவில் நேரும் சிறு வேறுபாட்டை அதிகம் பொறுத்துக்கொள்கிறது.

அப்படியானால் 39 அங்குலக் குழல் எதற்காக வந்தது? காலாட்படை இரண்டு வரிசையாக நின்று சுட்ட காலம் அது. பின்வரிசையில் நிற்பவனின் குழல்வாய் முன்வரிசையில் நிற்பவனின் காதுக்கு அப்பால் நீண்டிருக்க வேண்டும். இல்லையெனில் தீயும் சத்தமும் தம் ஆட்களையே தாக்கும். சனியன் (குழல்முனைக் கத்தி) பொருத்திய துப்பாக்கி குதிரைவீரனை எட்டும் ஈட்டியாகவும் பயன்பட வேண்டும். நீளத்தை முடிவு செய்தவை இத்தேவைகள். துல்லியத்தைக் கூட்டும் நோக்கம் இதில் பின்னணியில்தான் இருந்தது. வரிசையில் அடுத்தவர் காதருகே சுட வேண்டிய நிலை இல்லாத இன்றைய சுடுகளத்தில் அந்தக் கூடுதல் 15 அங்குல எஃகையும் மரத்தையும் சுமப்பதற்குப் போதுமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

குட்டையாக இருப்பதே தனியொரு சிறப்பு என்றும் நான் வாதிடவில்லை. அமெரிக்க டிராகூன் எனப்படும் குதிரைப் படையினருக்கு வழங்கப்பட்ட 1847 மாதிரி .69 அங்குல மஸ்கெட்டூன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் குழல் 26 அங்குலம்; உள்ளே வரிப்பள்ளம் கிடையாது. உதைப்பு கடுமை, துல்லியம் குறைவு. குதிரையின் மேல் குழல்வாய் கீழ்நோக்கித் தொங்கவிடப்பட்டால் உருண்டைக் குண்டு நழுவி வெளியே வந்துவிடும் என்ற குறையும் இருந்தது. அதைக் கையாண்டவர்கள் அதை வெறுத்ததில் வியப்பில்லை. குட்டைக் குழல், விரைந்து சுற்றும் வரிப்பள்ளம், அடி விரியும் குண்டு ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்த பிறகே கார்பைன் நம்பத்தக்க ஆயுதமாயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலத்தார் என்ஃபீல்டு கார்பைன்களை இறக்குமதி செய்ததோடு நில்லாமல், ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரில் குக் சகோதரர்களின் பட்டறையில் அவற்றின் நகல்களையும் செய்தார்கள் என்பது இந்த வடிவத்துக்கு இருந்த மதிப்பைக் காட்டுகிறது.

இனி, சுடும்போது என்ன வேறுபாடு தெரிகிறது என்பதற்கு வருகிறேன். நின்றபடி சுடுகையில் நீண்ட ரைபிளின் எடை இடக்கைக்கு வெகு முன்னே விழுகிறது. தொடக்கத்தில் இது நன்மையாகவே தோன்றும்; முன்பாரம் உள்ள குழல் மெதுவாக அசைவதால் குறி நிதானமாக நிற்பது போல் இருக்கும். ஒரு தொடர் சுட்டு முடிவதற்குள் தோளும் இடக்கையும் தளர்ந்து, அந்த நிதானம் மறைந்து, முன்குறி இலக்கின் கீழ்ப்பாதிக்கே திரும்பத் திரும்ப இறங்கும். காற்று பக்கவாட்டில் வீசினால் நீண்ட குழல் அதற்கு இன்னும் கூடுதலாக வசப்படும். மஸ்கெட்டூனின் பாரம் இரு கைகளுக்கு இடையே அமைந்திருப்பதால், கடைசிக் குண்டையும் முதல் குண்டைச் சுட்ட அதே தோளோடு சுட முடிகிறது. பன்னாட்டு முன்நிரப்பித் துப்பாக்கிப் போட்டிகளில் 50 மீட்டரில் நின்றபடி இராணுவ ரைபிளால் சுடும் லாமர்மோரா பிரிவுக்குத் தயாராகும் ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டால், தயக்கமின்றி இந்தச் சமநிலையைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன்.

இரண்டாவது காரணம், விசையை இழுத்ததற்கும் குண்டு வெளியேறுவதற்கும் இடைப்பட்ட நேரம். குதிரை (பூட்டின் சுத்தியல்) விழுந்து, கேப்பு வெடித்து, தீ நிப்பிளின் (கேப்பு மாட்டும் சிறு குழாய்) துளை வழியே மருந்தை எட்டி, மருந்து எரிந்து, குண்டு குழல் முழுவதையும் கடக்க வேண்டும். கரிமருந்தில் இது நவீனத் துப்பாக்கிகளைவிட நீண்ட நேரம். அந்த நேரம் முழுவதும் குழல் அசையாமல் நிற்க வேண்டும். குழல் குட்டையானால் கடைசிக் கட்டத்தில் ஓரிரு மில்லி விநாடிகள் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவே ஆனாலும், சுட்ட கணத்தில் தோளைச் சற்றே இளக்கிவிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இலக்கில் தெரியும்.

மூன்றாவது காரணத்தை நான் மற்ற இரண்டைவிடப் பெரிதாக மதிக்கிறேன். அது மரமும் குழலும் ஒன்றையொன்று தொடும் விதம். மூன்று பட்டை ரைபிளில் மெல்லிய முன்கட்டை குழலோடு ஏறத்தாழ அதன் நுனிவரை செல்கிறது. மழைக்காலத்தில் ஈரம் ஏறிய மரம் சற்றே வளைந்தாலும் அது பட்டைகளின் வழியே குழலை ஒரு பக்கம் அழுத்தும். குண்டு விழும் இடம் மாறும். பட்டைகளை ஒருமுறை கழற்றித் துடைத்து மறுபடி இறுக்கினால்கூடச் சில நேரம் குறி நகர்ந்துவிடும். ஒரே தடிமன் உள்ள இரு தண்டுகளை ஒரு முனையில் பிடித்து மறு முனையில் அழுத்தினால், வளையும் அளவு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கேற்ப உயரும் என்பது பொறியியல் விதி. அவ்விதியை அப்படியே இங்கே பொருத்த முடியாது என்றாலும், 39 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடையே அந்தக் கணக்கு நான்கு மடங்குக்கும் அதிகமான வேறுபாட்டைத் தருகிறது. இரண்டே பட்டையும் குறுகிய முன்கட்டையும் கொண்ட மஸ்கெட்டூன் பருவம் மாறும்போதும் தன் குறியைப் பெரும்பாலும் காத்துக்கொள்கிறது.

நீண்ட ரைபிளை ஆதரிப்போர் முன்வைக்கும் வலுவான வாதம் குறிகளுக்கு இடைப்பட்ட தூரம். இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே அரை மீட்டர் இருக்கும் துப்பாக்கியில் முன்குறி 0.1 மில்லிமீட்டர் விலகினால், 50 மீட்டரில் குண்டு 10 மில்லிமீட்டர் விலகும். அந்த இடைத்தூரம் 85 சென்டிமீட்டராக இருந்தால் விலகல் 6 மில்லிமீட்டராகக் குறையும். படுத்தபடி, தோள்வார் இறுக்கி, 100 மீட்டரில் கவனமாகச் சுடுபவருக்கு இந்த வேறுபாடு புள்ளிகளாக மாறும். நின்றபடி சுடும் மனிதனின் இயல்பான ஆட்டமோ இதைவிடப் பல மடங்கு பெரியது; அங்கே நான்கு மில்லிமீட்டர் லாபம் அந்த ஆட்டத்துக்குள் மறைந்துபோகிறது. வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மஸ்கெட்டூனின் முன்குறி கண்ணுக்கு அருகே இருப்பதால் சற்று மங்கலாகத் தெரியும். நீண்ட ரைபிளில் அது தள்ளி நிற்பதால் தெளிவாக இருக்கும். முன்குறியின் தூரத்துக்கென அளந்து செய்த கண்ணாடி அணிந்தால் இது தீரும். அந்தக் கண்ணாடிக்கான செலவையும் சேர்த்தே வாங்குவோர் திட்டமிட வேண்டும்.

குறியைப் பற்றிப் பேசும்போது, இந்த வடிவத்தின் உண்மையான குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இராணுவப் பின்குறியின் மிகத் தாழ்ந்த நிலையே 100 கஜத்துக்கானது. ஆகவே 50 மீட்டரில் குண்டுகள் குறிவைத்த இடத்துக்கு மேலே செல்லும். மஸ்கெட்டூனின் தாழ்ந்த முன்குறியால் இது இன்னும் கூடுதலாகத் தெரிகிறது. உயரமான முன்குறியைப் பொருத்தி, சுட்டுச் சுட்டு அரத்தால் தேய்த்துச் சரியான உயரத்துக்குக் கொண்டுவருவதே முறையான தீர்வு. போட்டிகளில் கலந்துகொள்வோர், எந்த அளவு மாற்றம் அனுமதிக்கப்படுகிறது என்பதை விதிகளில் பார்த்துக்கொண்டு அரத்தைக் கையில் எடுப்பது நல்லது.

மருந்தின் அளவில் மஸ்கெட்டூன் சிக்கனமானது. அக்கால இராணுவத் தோட்டாக்களில் ரைபிளுக்கு இரண்டரை டிராம், அதாவது 68 கிரெய்ன் மருந்தும், கார்பைனுக்கு இரண்டு டிராம், அதாவது 55 கிரெய்ன் மருந்தும் இருந்தன. இலக்குச் சுடுதலுக்கு அதைவிடவும் குறைந்த அளவே என் துப்பாக்கிக்குப் பிடித்திருக்கிறது. மருந்தைக் கூட்டினால் துல்லியம் கூடும் என்ற எண்ணம் மினியே குண்டுகளில் பலிப்பதில்லை. அழுத்தம் மிகுந்தால் குண்டின் அடிவிளிம்பு குழல்வாயில் ஒழுங்கின்றி விரிந்து, குண்டு திசைமாறிப் போகும். முப்பது கிராமுக்கு மேல் எடையுள்ள குண்டை மூன்றரைக் கிலோத் துப்பாக்கியிலிருந்து முழு மருந்தில் சுட்டால் தோள் அதை நன்றாகவே உணரும். உதைப்பு என்ற ஒரே அம்சத்தில் நீண்ட ரைபிளின் கூடுதல் எடை தெளிவான நன்மை. குழல்வாய் முகத்துக்கு அருகே இருப்பதால் சத்தமும் தீச்சுடரும் மஸ்கெட்டூனில் கடுமையாக இருக்கும். காதுக்காப்பு அணியாமல் இதைச் சுடக் கூடாது.

குண்டு தூய மென்ஈயத்தில் வார்க்கப்பட வேண்டும். அதன் விட்டம் குழலின் உள்விட்டத்தைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது இரண்டு பங்கு மட்டுமே குறைவாக இருக்க வேண்டும். தேன்மெழுகும் மிருகக் கொழுப்பும் கலந்த பூச்சே நான் பயன்படுத்துவது. 1857இல் வங்காளப் படையின் சிப்பாய்களிடையே என்ஃபீல்டு தோட்டாவின் கொழுப்பு எவ்வளவு பெரிய கொந்தளிப்பைத் தூண்டியது என்பதை அறிந்தவர்களுக்கு, இந்தப் பூச்சு எவ்வளவு இன்றியமையாததாகக் கருதப்பட்டது என்பதும் விளங்கும். பூச்சு இல்லாவிட்டால் எரிந்த மருந்தின் கசடு காய்ந்து இறுகி, சில குண்டுகளுக்குப் பின் சலாகையால் (நிரப்பும் கம்பி) குண்டை இடித்து இறக்கிக் கிட்டிப்பதே போராட்டமாகிவிடும். நீண்ட குழலில் பூச்சு நுனிவரை எட்டாமல் முன்பகுதி காய்ந்து கிடப்பது வழக்கமான தொல்லை. 24 அங்குலக் குழலில் இத்தொல்லை மிகக் குறைவு.

நிரப்பும் முறையில் குட்டைத் துப்பாக்கி கூடுதல் கவனத்தைக் கேட்கிறது. அடிக்கட்டையைத் தரையில் ஊன்றினால் நீண்ட ரைபிளின் வாய் நெஞ்சுக்கு மேலே நிற்கும். மஸ்கெட்டூனின் வாய் இடுப்பளவில், வயிற்றுக்கு நேரே நிற்கும். இயல்பாகவே மனிதர் அதன் மேல் குனிந்துவிடுவார்கள். குழலை உடலிலிருந்து விலக்கிச் சாய்த்துப் பிடிப்பதும், முகத்தையும் கையையும் வாய்க்கு நேரே கொண்டுவராதிருப்பதும் கட்டாயம். மருந்துக் குடுவையிலிருந்து நேரடியாக ஊற்றாமல், ஒரு குண்டுக்கு மட்டும் அளந்து வைத்த சிறு குப்பியிலிருந்தே ஊற்ற வேண்டும்; குழலுக்குள் கனன்றுகொண்டிருக்கும் ஒரு சிறு பொறி போதும். இந்த ஒழுங்கை மனத்தில் ஊன்றிக்கொண்டவருக்குக் குட்டைத் துப்பாக்கியை நிரப்புவது மிக எளிது. 55 அங்குல ரைபிளைக் கிட்டிக்கும்போது கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சலாகையை உருவ வேண்டியிருப்பது, உயரம் குறைந்தவர்களுக்கு உண்மையிலேயே சிரமம்.

துடைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெந்நீரும் சோப்பும் போதும்; நிப்பிளைக் கழற்றி, குழல் உலர்ந்தபின் எண்ணெய் பூச வேண்டும். கரிமருந்தின் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சித் துருவை வரவழைக்கும் என்பதால் அன்றே முடித்துவிட வேண்டிய வேலை இது. குட்டைக் குழலில் பாதி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

மூன்று பட்டை ரைபிளை எவர் வாங்க வேண்டும் என்று கேட்டால், வரலாற்று அணிவகுப்புகளில் காலாட்படை வீரராக நிற்பவர்களும், படுத்தபடி நெடுந்தூரம் சுடுவதையே முதன்மையாகக் கொண்டவர்களும் என்பேன். அடுத்தவர் தோளுக்கு அருகே சுடும் வரிசையில் மஸ்கெட்டூனைக் கொண்டுவருவது ஆபத்து. அங்கே நீளம் உயிர்காக்கும் அம்சம். மற்ற அனைவருக்கும், குறிப்பாக முதன்முதலாக இத்துறைக்குள் வருபவர்களுக்கும் உடல் சிறுத்தவர்களுக்கும், நான் பரிந்துரைப்பது 24 அங்குலக் குழலையே.

பார்க்கர்-ஹேல் இப்போது இவற்றைச் செய்வதில்லை. ஆகவே பழையதைத் தேடுவதா, இத்தாலியின் திரோம்பியா பள்ளத்தாக்கில் உள்ள கார்டோனே நகரில் செய்யப்படும் புதிய மறுபதிப்பை வாங்குவதா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். பழையதை வாங்கச் செல்பவர் குழலின் அடிப்பக்கத்தில் பர்மிங்ஹாம் சோதனைக்கூட முத்திரை உள்ளதா என்று பார்க்க வேண்டும். பிற்காலத்தில் அதே பெயர் பொறிக்கப்பட்டு இத்தாலியில் செய்யப்பட்டவையும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. குழலுக்குள் விளக்கைச் செலுத்தி, மருந்தறையை ஒட்டிய கடைசி இரண்டு அங்குலத்தில் துருக்குழிகள் உள்ளனவா என்று ஆராய வேண்டும்; துடைக்காமல் வைத்த துப்பாக்கி முதலில் பழுதாகும் இடம் அதுதான். நிப்பிளைக் கழற்றி அதன் புரிகள் தேயாமல் இருப்பதையும், குதிரையைப் பாதி ஏற்றிய நிலையில் விசையை அழுத்தினால் அது விழாமல் நிற்பதையும் உறுதி செய்ய வேண்டும். இறுதியாக, குழலின் உள்விட்டத்தை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். .577 என்ற பொதுப் பெயரின் கீழ் வரும் குழல்களிலும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி சிறு வேறுபாடு உண்டு. குண்டு வார்ப்பு அச்சையும், வார்த்த குண்டைச் சரியான விட்டத்துக்குக் கொண்டுவரும் அளவுத் துளையையும் அந்த எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும்.